சளியை விழுங்கினால் கெடுதலா? துப்பவைக்கப் போய்ச் செய்கிற தவறுகள்

சளி பிடித்த பிள்ளை மூக்கை உறிஞ்சி விழுங்கினால், "துப்பு, துப்பு, நெஞ்சுல கட்டிக்கும்" என்று வீட்டில் யாராவது சத்தம் போடுவார்கள். விழுங்கிய சளி நெஞ்சில் கட்டாது. வயிற்றுக்குப் போய்ச் செரித்துவிடும். அதனால் கெடுதலும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி சத்தும் இல்லை. பார்ப்பவருக்கு அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போகக் கூடாதென்று பயந்து அதை வெளியே எடுக்கச் செய்கிற சில வேலைகள் நிஜமாகவே ஆபத்தானவை.

நெஞ்சுக்கு இறங்கும் என்ற பயம்

மூக்கும், அதைச் சுற்றி முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளான சைனஸ் அறைகளும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் சளியைச் சுரக்கின்றன. ஜலதோஷம் இல்லாத நாளிலும்தான். மூக்கின் உட்பரப்பில் உள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, நிமிடத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த மயிர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் மூக்குக்குள் ஒரு பொட்டு சாக்கரின் வைத்துப் பார்ப்பதுண்டு. சாதாரணமாகப் பத்து, இருபது நிமிடத்தில் தொண்டையில் இனிப்புத் தட்டும். ஆக, வேண்டாம் என்றாலும் நாம் எல்லாரும் நாள் முழுக்கச் சளியை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஜலதோஷத்தில் அளவு கூடி, கெட்டிப்பட்டும் போவதால் இறங்குவது நமக்குத் தெரிகிறது.

விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ளும். சளி உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குப் போகும். நெஞ்சுச்சளி என்பது மூச்சுக்குழாய்களிலேயே சுரப்பது. ஜலதோஷம் வந்து சில நாளில் நெஞ்சிலும் சளி சேர்ந்தால், கிருமி மூச்சுப்பாதையில் கீழே பரவியிருக்கிறது என்று பொருள். விழுங்கினதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜலதோஷத்துக்கு அதிகம் காரணமான ரைனோவைரஸோ அமிலத்தைத் தாங்காது. பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3 அளவிலேயே செயலிழந்துவிடும். வெறும் வயிற்றில் இரைப்பையின் பிஎச் பெரும்பாலும் 1-க்கும் 3-க்கும் இடையில்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் நடக்கலாம். நிறைய விழுங்கிய குழந்தைக்குக் குமட்டும். இருமி இருமி, குடித்த பாலோடு வழவழவென்று சளியையும் கக்கிவிடும். சில சமயம் மலத்திலும் கொஞ்சம் சளி தெரியும். ஓரிரு முறையென்றால் பயப்பட வேண்டாம். ஜலதோஷம் தணியும்போது இதுவும் தணியும்.

"சத்து இருக்கு" என்கிற எதிர்க்கட்சி

மூக்கு நோண்டிச் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி வளரும் என்று செய்திகள் அடிக்கடி சுற்றுகின்றன. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2013-ல் அப்படி இருக்கலாமோ என்று ஒரு யோசனையைச் சொன்னார். அது ஊகம்தான், நிரூபணம் இல்லை. 2015-ல் வந்த இன்னோர் ஆய்வு, எச்சிலில் உள்ள மியூசின் என்ற புரதம் பல்சொத்தைக் கிருமிகளைப் பல்லில் ஒட்டவிடாமல் தடுக்கிறது என்றது. எச்சிலைப் பற்றிய அந்த ஆய்வையும் மூக்குச்சளிக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

சளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். மிச்சம் மியூசின், உப்பு, கிருமியை எதிர்க்கும் லைசோசைம், லாக்டோஃபெரின் என்ற புரதங்கள், நோய் எதிர்ப்பொருட்கள். எல்லாம் உடம்பு தன் கையிருப்பிலிருந்து செய்தவை. விழுங்கினால் அதில் ஒரு பகுதி செரித்துத் திரும்பக் கிடைக்கும். புதிதாக எதுவும் வரவில்லை. விரலை விட்டு நோண்டுவதில் நஷ்டம்தான் அதிகம்: மூக்குத் தண்டின் முன்பகுதியில் ரத்தக்குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுவதால் எளிதில் ரத்தம் கசியும், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியும் விரல் வழியே ஏறும். சளியை விழுங்கலாம் என்பது நோண்டுவதற்கு அனுமதி ஆகாது.

முழு மூச்சில் சிந்துவது

பெரியவர்கள் செய்கிற முதல் தவறு இது. இரண்டு மூக்கையும் பிடித்து, வாயை மூடி, அடைப்பு விடும்வரை ஓங்கிச் சிந்துவார்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மூக்கு சிந்தும்போது உள்ளே எழும் அழுத்தம் சராசரியாக 66 மில்லிமீட்டர் பாதரசம் என்று அளந்தார்கள். தும்மும்போதும் இருமும்போதும் பத்தைக்கூடத் தொடவில்லை. மூக்கில் விட்ட சாயத்திரவம், சிந்திய பிறகு சைனஸ் அறைகளுக்குள் போயிருந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். அதாவது வெளியே தள்ள நினைத்த சளி, கிருமியோடு பின்பக்கமாகவும் ஏறுகிறது. காதுக்குப் போகும் குழாய் வழியாக அழுத்தம் ஏறினால் காது அடைக்கும், வலிக்கும்.

சரியான முறை சாதாரணமானது. ஒரு துவாரத்தை விரலால் மூடி, வாயைச் சற்றுத் திறந்து வைத்து, மற்றதன் வழியே மெதுவாகச் சிந்த வேண்டும். பிறகு அடுத்த பக்கம். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே வீங்கிய சதை. அதை எவ்வளவு சிந்தினாலும் வெளியே எடுக்க முடியாது.

அடைப்புக்கு உப்புநீர் நல்லது. 200 மில்லி டம்ளர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூனைவிடச் சற்றே அதிகமான உப்பு. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்துத்தான் மூக்கில் விட வேண்டும். குழாய்நீர், கிணற்றுநீர் அப்படியே கூடாது. கேரளத்தில் சில வருடங்களாகச் செய்தியில் அடிபடும் மூளை தின்னும் அமீபா, நேக்லேரியா, மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அதே தண்ணீரைக் குடித்தால் அது நோய் தராது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் கலந்த மூக்குச் சொட்டுமருந்து அடைப்பை நிமிடங்களில் திறக்கும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், விட முடியாமல் போகும்.

கைக்குழந்தையின் சளியை எடுக்கிற வழிகள்

இங்கேதான் ஆபத்து அதிகம். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் வாயை வைத்து ஊதுவது, தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ சொட்டு விடுவது, தொண்டையில் விரல் விட்டுக் கோழையை வழித்தெடுப்பது, சாறு எதையாவது புகட்டி வாந்தி எடுக்கவைப்பது என்று பல வீடுகளில் இன்னமும் நடக்கிறது. ஊதுகிறவர் வாயிலுள்ள கிருமி குழந்தையின் மூக்குக்கும் காதுக்கும் போகும். எண்ணெய் இன்னும் மோசம். தண்ணீர் தப்பான வழியில் போனால் உடனே புரையேறும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு இருமல்கூட வராமல் நுரையீரலில் இறங்கிவிடும். நுண்மயிர்களால் அதை மேலே தள்ளவும் முடியாது. அங்கேயே தங்கி லிப்பாய்டு நிமோனியா என்ற, எண்ணெயால் வரும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். ஆன்டிபயாடிக்கால் அதைக் கரைக்க முடியாது. வலுக்கட்டாய வாந்தியிலும் இதே அபாயம்தான்: வயிற்றுக்குள் பத்திரமாகப் போய்விட்ட சளியை அமிலத்தோடு மேலே கொண்டுவந்து மூச்சுக்குழலில் விழவைக்கிறோம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு போதும். பால் கொடுப்பதற்கு முன் துவாரத்துக்கு இரண்டு சொட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ரப்பர் குமிழை வெளியிலேயே அமுக்கிக்கொண்டு மூக்கு நுனியில் வைத்து மெல்ல விடவும். முதலிலேயே அமுக்காமல், மூக்கில் வைத்த பிறகு அமுக்கினால் காற்றுதான் உள்ளே போகும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், மூக்கு வீங்கிவிடும். மிச்சத்தைக் குழந்தை விழுங்கட்டும். கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கில் தடவக் கூடாது. இரண்டு வயதுக்குள் மார்பிலும் வேண்டாம்.

பச்சைச் சளி, மஞ்சள் சளி

பச்சை நிறம், கிருமியோடு சண்டையிட வந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியிலிருந்து வருகிறது. சாதாரண வைரஸ் சளியிலும் மூன்றாம் நாள் வாக்கில் பச்சையாகலாம். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வீண். பத்து நாளாகியும் குறையவில்லை, குறைந்து வந்தது மறுபடி காய்ச்சலோடு கூடுகிறது, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் முகவலியும் மூன்று நாலு நாள் தொடர்கிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, விலா உள்வாங்க மூச்சு விட்டாலோ உடனே போகவும்.

பால் குடித்தால் சளி கூடும் என்பதற்கும் ஆதாரமில்லை. பால் எச்சிலோடு கலந்து சற்று நேரம் வாயில் கெட்டியாகத் தெரியும், அவ்வளவே.

விழுங்கக் கூடாத சில

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சளி மூச்சுக்குழலில் இறங்கலாம். அவர்களைச் சாய்த்து உட்காரவைத்துத் துப்பவைக்க வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீராக ஒழுகி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது சளியாக இல்லாமல் மூளைத் திரவமாக இருக்கலாம். சிந்தாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அங்கே டப்பாவில் எச்சிலையோ மூக்குச்சளியையோ துப்பிக் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி வரும் கோழைதான் வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குத் துப்பத் தெரியாது. இரவெல்லாம் விழுங்கிய நெஞ்சுச்சளி காலையில் இரைப்பையில் இருக்கும் என்பதால், மூக்கு வழியாகக் குழாய் விட்டு அங்கிருந்தே மாதிரி எடுப்பார்கள். காசநோய்க் கிருமி அமிலத்தை ஓரளவு தாங்கும். அந்தச் சோதனைக்கு அழைத்துப்போகும் நாளில் குழந்தைக்குப் பாலோ தண்ணீரோ கொடுத்துவிட்டால் மாதிரி நீர்த்துவிடும், மறுநாள் திரும்ப வரச் சொல்வார்கள்.