குளக்கரையில் நீர்ப்பிரமி வளர்க்கும் முறை

ஆண்டு முழுவதும் பச்சை மாறாமல் குளக்கரையை மூடிக் கிடக்கும் நாட்டுச் செடியைத் தேடுவோருக்கு நான் முதலில் சொல்வது நீர்ப்பிரமியைத்தான். ஈர மண்ணிலும் ஆழமற்ற நீரிலும் வளரும் இப்படர்செடி, கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போது பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வல்லாரையையும் பிரமி என்று அழைப்பவர்கள் உண்டு. வல்லாரையின் இலை நீண்ட காம்பின் நுனியில் வட்டமாக விரிந்திருக்கும். நீர்ப்பிரமியின் இலையோ காம்பின்றி, சற்றுத் தடித்து, சிறு கரண்டி போலத் தண்டில் எதிரெதிராக அமைந்திருக்கும்.

விதையைத் தேடி அலையத் தேவையில்லை. ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுள்ள தண்டுத் துண்டுகளை நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் இருக்கும்படி 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றினால் போதும்.

எங்கே ஊன்றுவது என்பதில்தான் நான் தவறினேன். நீர்ச்செடிதானே என்று எண்ணி அரை அடி ஆழத்தில் நட்டேன். சில நாள்களில் துண்டுகள் யாவும் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கரையில் மிதந்தன. தண்டினுள் காற்றறைகள் இருப்பதால் அது இயல்பாகவே மேலெழும்பும். வேர் பிடிக்காத நிலையில் அதைத் தடுத்து நிறுத்த ஏதுமில்லை. ஆகவே நீர்விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, மிதித்தால் கால் புதையும் சேற்றில் நடுங்கள். வேரூன்றிய பின் கொடி தானாகவே நீருக்குள் இறங்கும். நீர்மட்டம் ஏறும் காலத்தை விட, மெல்ல வடியும் காலமே நடவுக்கு ஏற்றது.

கொடியை அழுத்திப் பிடிக்கச் சிலர் கல் வைப்பார்கள். கல்லின் அடியில் தண்டு நசுங்கி அழுகுவதைக் கண்டதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. கம்பிக் கொக்கியை விட மூங்கில் சிம்பே எனக்குப் பிடிக்கும். வேலை முடிந்ததும் அதுவே மட்கிவிடும்.

உரம் வேண்டாம், அது நீரில் கரைந்து பாசியைத்தான் வளர்க்கும். நல்ல வெயில் கிடைத்தால் கொடி அடர்ந்து படரும், நிழலில் மெலிந்து நீளும்.

பின்சேர்க்கை: நட்டது வாரந்தோறும் காணாமல் போகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் குளத்தில் புல்கெண்டை மீன்கள் இருந்தன. அவை இளந்தளிர்களை மேய்ந்துவிடும் என்பதை நான் குறிப்பிடத் தவறிவிட்டேன். வேர் பிடிக்கும்வரை நீர்ப்பக்கம் வலை கட்டுங்கள். சமையலுக்குப் பறிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: இச்செடி காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் தேக்கிக்கொள்ளும், கழிவுநீர் கலக்கும் குளத்திலிருந்து ஓர் இலையும் பறிக்காதீர்கள்.