ஏடிவில டர்புலன்ஸ் (தண்ணி ஓட்டத்தோட கொந்தளிப்பு) அளக்கும்போது நாய்ஸ் (கருவி சேர்க்குற பொய் ஏற்ற இறக்கம்) குறைக்க

கேஎல்ல (கோலாலம்பூர்) லேப் ஃப்ளூம்ல, அதாவது சோதனைக்கான தண்ணி வாய்க்கால்ல, ஏடிவி (சவுண்ட் அனுப்பி, துகள்ல பட்டுத் திரும்புறத வச்சு தண்ணி வேகத்த அளக்குற கருவி) வச்சு அளக்குற தம்பி தங்கச்சிங்க முதல்ல தண்ணிய பாருங்க, பைப் தண்ணி ரொம்ப தெளிவு, சவுண்ட் பட்டுத் திரும்ப அதுல துகளே இருக்காது, அதனால 10 மைக்ரான் அளவுல கண்ணாடி மணித்தூள் கொஞ்சம் கலக்கிவிட்டு எஸ்என்ஆர் (நாய்ஸோட ஒப்பிட்டா சிக்னல் எவ்ளோ பலம்) 15 டெசிபலுக்கு மேல, கோரலேஷன் (திரும்பி வர்ற சிக்னல்கள் ஒண்ணோட ஒண்ணு எவ்ளோ ஒத்துப்போகுது) 70 சதவீதத்துக்கு மேல நிக்குதான்னு பாருங்க. மழை விட்டதும் கோம்பாக் ஆத்துல அளந்தா பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்ல, தே தாரிக் (பால் டீ) கலர்லதான ஓடுது!

அடுத்து வெலாசிட்டி ரேஞ்ச் (கருவி அளக்குற வேக எல்லை), நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு பெருசா வச்சா நாய்ஸும் சேர்ந்து ஏறும், உங்க உச்ச வேகம் அடங்குற சின்ன ரேஞ்ச் போதும், ரொம்ப சுருக்கினீங்கன்னா ஸ்பைக் (திடீர்னு குதிக்குற தப்பான அளவு) வரும். ஸ்பைக்க எடுக்க கோரிங், நிக்கோரா 2002ல சொன்ன முறை நல்லா வேலை செய்யுது.

அப்புறம் ஸ்பெக்ட்ரம் (வேக ஏற்ற இறக்கத்துல எந்த ஃப்ரீக்வன்சில எவ்ளோ எனர்ஜின்னு காட்டுற படம்) போடுங்க. டர்புலன்ஸுக்கு வழக்கமான மைனஸ் 5/3 சரிவுல (லாக்-லாக் படத்துல) இறங்கிட்டு வந்தது ஹை ஃப்ரீக்வன்சில தட்டையா படுத்துக்கிச்சுன்னா அதான் நாய்ஸ், அந்த மட்டத்த மொத்த பேண்டுக்கும் (ஃப்ரீக்வன்சி முழுசுக்கும்) கணக்கு பண்ணி வேரியன்ஸ்ல (வேகம் சராசரிலேர்ந்து எவ்ளோ சிதறுதுங்கற அளவு) கழிச்சிடுங்க. கீழ பாக்குற ப்ரோப்னா கிடைமட்ட வேகத்துலதான் இந்த நாய்ஸ் ஜாஸ்தி, செங்குத்துல ரொம்ப கம்மி.