வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க: உங்களுக்கு ஏற்ற வழி எது?

எங்கள் கோவிலின் காவடிப் பதிவுப் பட்டியல், டர்பனில் சாட்ஸ்வர்த்தில் உள்ள என் வீட்டு மேசைக் கணினியில்தான் இருக்கிறது. ஒருமுறை தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கையில் வேலை நிமித்தமாக ஜோகன்னஸ்பர்க் போக நேர்ந்தது. கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை முன்கூட்டியே நிறுவிச் சோதித்தும் வைத்திருந்தேன். முதல் நாள் இரவே வீட்டில் மின்சாரம் போய்த் திரும்பியது. கணினி மட்டும் திரும்பவில்லை. செயலியில் அதன் பெயருக்குக் கீழே ‘ஆஃப்லைன்’ என்று நின்றது. ஏறத்தாழ 570 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பொத்தானை அழுத்த ஆள் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருந்ததால் தப்பித்தேன். எனவே எந்தச் செயலி நல்லது என்ற கேள்வியை இரண்டாவதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கணினி தானாக எழ வேண்டும்

லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு முன்புபோல் இல்லாவிட்டாலும், கேபிள் பழுதோ, ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் தீர்ந்துபோவதோ எந்த நாளும் நடக்கலாம். கணினியை இயக்கியவுடன் எஃப்2 அல்லது டெலிட் விசையைத் தட்டிக்கொண்டிருந்தால், விண்டோஸ் தொடங்குமுன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸ் வரும். அங்கே மின்சாரம் தொடர்பான பகுதியில், மின்சாரம் போய்த் திரும்பியதும் கணினி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் ஓர் அமைப்பு இருக்கும். அதை ‘பவர் ஆன்’ என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு கணினியை முறையாக அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். யாரும் தொடாமலேயே அது இயங்கத் தொடங்கினால் இந்தப் படி முடிந்தது. மடிக்கணினிகள் பலவற்றில் இந்த அமைப்பு இருக்காது. ஆனால் குறுகிய மின்வெட்டை அவற்றின் பேட்டரியே தாங்கிக்கொள்ளும்.

விண்டோஸின் மின்சார அமைப்புகளில் ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ என்று வையுங்கள். திரை அணையலாம், கணினி உறங்கக் கூடாது.

ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் என்ற சிறு பேட்டரிப் பெட்டி வாங்கி மாட்டிவிட்டு, சுவரில் ஃபைபர் கம்பி வந்து சேரும் சிறு பெட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி அணைந்தால், ரவுட்டர் விளக்கு எரிந்தாலும் இணையம் இராது. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

இரண்டாம் படி: உங்களுக்கு என்ன தேவை?

கோப்புகள் மட்டும் போதுமென்றால் தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாடே வேண்டாம். அந்தக் கோப்புறையை கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ ஒத்திசைத்துவிட்டு, இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். வீட்டுக் கணினியில் மட்டும் உள்ள ஒரு மென்பொருளைத் திறக்க வேண்டியவர்கள் மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: வழியைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது குரோம் ரிமோட் டெஸ்க்டாப். வீட்டுக் கணினியின் குரோம் உலாவியில் உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, இந்தப் பெயரைத் தேடித் திறந்து, தொலை அணுகலை இயக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு நிரல் இறங்கும். அதை நிறுவி, கணினிக்கு ஒரு பெயர் கொடுத்து, குறைந்தது ஆறு இலக்கமுள்ள பின் எண்ணை இருமுறை இட வேண்டும். பிறந்த தேதி வேண்டாம். வெளியே போனதும் கைபேசியிலோ வேறு கணினியிலோ அதே கணக்கில் நுழைந்தால் வீட்டுக் கணினியின் பெயர் தெரியும். வீட்டுக் கணினி தானே வெளியே அழைத்துத் தொடர்பை ஏற்படுத்துவதால், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. சிம் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். அவர்களில் பலருக்கு, இணையத்திலிருந்து நேரடியாக அடையக்கூடிய தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான்.

டீம்வியூவர், எனிடெஸ்க் ஆகியவையும் இதே முறையில் இயங்குகின்றன. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம் என்றாலும், வணிகப் பயன்பாடு என்று சந்தேகித்தால் டீம்வியூவர் இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும். அவசரத்தில் அது பெரிய தொல்லை.

விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வேகமானது; ஆனால் ஹோம் பதிப்புக் கணினியை இதன்மூலம் வெளியிலிருந்து இயக்க முடியாது, ப்ரோ பதிப்பு வேண்டும். இதற்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிடச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். திறந்திருக்கும் அந்தக் கதவைத் தேடித் தானியங்கி நிரல்கள் இணையம் முழுவதும் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ‘புளூகீப்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே ஆபத்தின் அளவு புரியும். அதற்குப் பதிலாக, டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன்னை இரு கருவிகளிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், அவற்றுக்கிடையே மறையாக்கம் செய்யப்பட்ட தனிப்பாதை அமையும். அதில் வீட்டுக் கணினிக்குக் கிடைக்கும் முகவரியை ரிமோட் டெஸ்க்டாப்பில் இட்டால் போதும்.

நான்காம் படி: பூட்டு

கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். விண்டோஸுக்குக் கடவுச்சொல் இல்லையென்றால் இப்போதே வையுங்கள். யாராவது தொலைபேசியில் அழைத்து, உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்தச் செயலியை நிறுவித் திரையில் தெரியும் எண்ணைப் படியுங்கள் என்றால் உடனே வைத்துவிடுங்கள். அந்த எண்ணைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: ஊருக்குப் போகுமுன் சோதனை

கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் மட்டும், முற்றத்தில் நின்று இணைத்துப் பாருங்கள். டேட்டா வீணாகாமலிருக்க, திரையின் அளவைக் குறைத்து, காணொளி எதையும் திறக்காதீர்கள். மடிக்கணினியிலிருந்து தமிழில் தட்டச்சு செய்வதானால், கையிலுள்ள கருவியில் ஆங்கிலத்தையும் வீட்டுக் கணினியில் தமிழையும் வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் தமிழ் இயங்கினால் எழுத்துகள் குழம்பும். பட்டியலைத் திறந்து ஒரு பெயரைத் திருத்திச் சேமித்து, உள்ளே வந்து வீட்டுக் கணினியில் அந்தப் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.