கழுத்தை அறுத்த 10×50

மலையேறப் போகிறோமே, பெரிதாகவே இருக்கட்டும் என்று புறக்கோட்டையில் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்கினேன். கிட்டத்தட்ட ஒரு கிலோ. 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 50 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். சிங்கராஜ வனத்தில் இரண்டு மணி நேரம் நடந்ததும் பட்டி கழுத்தை அறுத்தது. காலில் ஏறிய அட்டையைத் தட்டக் குனியும்போதெல்லாம் நெஞ்சில் வந்து இடித்தது. மூச்சு வாங்க நின்று பார்த்தால் பறவை ஆடுகிறது. பத்து மடங்கு பெருக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத்தான் தெரியும்.

அப்புறம் 8×32க்கு மாறினேன். அரைக் கிலோ அளவுதான். 32ஐ 8ஆல் வகுத்தால் 4. கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4 மில்லிமீட்டர். காட்டு நிழலுக்கு அது போதும். சட்டைப்பையில் அடங்கும் 8×21இல் 2.6தான், மரத்தடியில் இருட்டிப்போகும். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். அதனால் லென்ஸிலிருந்து கண் வைக்கும் தூரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையாததாகப் பார்த்தேன். நைட்ரஜன் நிரப்பியது என்பதால் மழையிலும் உள்ளே ஆவி பிடிப்பதில்லை. கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு, இரு தோளிலும் மாட்டும் பட்டி போட்டேன்.

தலங்கம குளக்கரையில் ஒரு காலை முழுதும் பழகிவிட்டு மறுபடி சிங்கராஜ போனேன். இலங்கைக்கே உரிய நீல மேக்பை (blue magpie) பறவையின் கண்ணைச் சுற்றிய சிவப்பு வளையம், இம்முறை அசையாமல் தெரிந்தது.