தோட்டைத் திருப்பிப் பாருங்கள்

கல்யாண நகை எடுக்கக் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ கிளம்புகிறவர்கள் பையில் ஒரு லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற சின்ன லென்ஸ் போதும். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, எந்த நகையைக் கொடுத்தாலும் முகப்பைப் பார்க்க மாட்டார், சட்டென்று திருப்பிவிடுவார். பத்தர் சோம்பேறித்தனம் பண்ணுகிற இடம் பின்பக்கம்தான் என்பது அவர் கணக்கு. பற்றவைத்த இடம் கறுத்துத் திட்டுத்திட்டாக இருக்கிறதா, கம்பி முனை துணியில் மாட்டுகிறதா, கொக்கி லொடலொடக்கிறதா என்று விரலாலேயே தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தங்கத்துக்கு அந்தப் பின்பக்கத்தில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணம், 22கே916 (22 கேரட், 91.6 சதவீதம் தங்கம்) என்ற தூய்மை எண், அப்புறம் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தருகிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண்ணான எச்.யு.ஐ.டி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை இந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த சின்ன உருப்படிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பார்த்ததோடு விடாமல் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டுங்கள். நகையின் வகையும் அதில் வரும், கையில் சங்கிலி இருக்கும்போது திரையில் மோதிரம் என்று வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்துவிட்டு நான் ஏமாந்தது கல் எடையில். கெம்புக்கல் அட்டிகை ஒன்று, தராசில் 24 கிராம், அதாவது மூன்று பவுன். பில்லில் அப்படியே 24 கிராமுக்கும் தங்க விலை போட்டிருந்தார்கள், கல்யாண அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. சில வருஷம் கழித்து மாற்றப் போனபோதுதான் கல்லும் அரக்கும் சேர்ந்து 2.6 கிராம் என்று கழித்தார்கள். வாங்கும்போது கல்லுக்குத் தங்க விலை, கொடுக்கும்போது அது வெறும் கல்! இதில் சேதாரத்தையும் மொத்த எடைக்கே போட்டிருந்தார்கள், அதனால் இரட்டை நஷ்டம். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக பில்லில் ஏறாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வைரத்துக்கு வருவோம். நம் ஊரில் வைரத்தோடு இல்லாமல் கல்யாணப் பேச்சே நடக்காது, ஆனால் கேரட் குழப்பம் மட்டும் இன்னும் தீரவில்லை. தங்கத்தில் கேரட் என்றால் தூய்மை. வைரத்தில் அது எடை, ஒரு கேரட் 0.2 கிராம், அதில் நூறில் ஒன்று சென்ட். ஏழுகல் தோட்டைப் பின்பக்கம் மூடிக் கட்டிவிட்டால் கல்லின் எடையும் நிறமும் யாருக்கும் தெரியாது, ஆயாவின் வித்தையும் அங்கே பலிக்காது. அதனால் கட்டுவதற்கு முன்பே கற்களை உதிரியாக வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்திப் பாருங்கள், ஒன்று மட்டும் மஞ்சள் தட்டினால் உடனே தெரியும்.

ப்ளூ ஜாகர் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது, அந்தச் சுரங்கம் 1971இலேயே மூடியாகிவிட்டது. இப்போது பெரும்பாலும் நீலமாக ஒளிர்கிற கல்லைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச்சை அடித்தால் நீலம் தெரியும். ஆனால் வெயிலில் வைக்கும்போது கல் பால் கலந்த மாதிரி மங்கினால் வேண்டாம்.

வைரமா என்று சோதிக்கிற டெஸ்டர் பேனா சத்தம் போட்டதும் திருப்தி அடைய வேண்டாம். ஆய்வகத்தில் வளர்த்த சி.வி.டி. கல்லும் வைரம்தான், அதற்கும் சத்தம் வரும், விலை மட்டும் பல மடங்கு குறைவு. வெப்பத்தை வைத்துச் சோதிக்கிற பேனா, வைரம் மாதிரியே மின்னுகிற வேறு கல்லான மாய்சனைட்டுக்கும் ஏமாறும். லென்ஸில் சாய்த்துப் பாருங்கள், பட்டைகளின் ஓரக்கோடு இரட்டையாகத் தெரிந்தால் அது மாய்சனைட். பெரிய கல்லுக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. மாதிரி ஆய்வகங்களின் சான்றிதழ் கேளுங்கள். அதிலுள்ள எண்ணைக் கல்லின் இடுப்பிலும் (சுற்றி ஓடுகிற நடு விளிம்பு) லேசரால் பொறித்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாப்பிள்ளை வாட்சுக்கும் இதே புத்திதான், திருப்புங்கள். பின்மூடியில் 316எல் ஸ்டீல் (துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை) என்று இருந்தால் நல்லது, வெறும் 'பேஸ் மெட்டல்' என்றால் முலாம் போனதும் பித்தளை பல்லிளிக்கும், வியர்வை பட்டால் இன்னும் சீக்கிரம். கண்ணாடி சஃபையரா என்று கேளுங்கள், சாவி உரசினாலும் அதில் கீறல் விழாது. 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி ஊருணியில் குதிக்காதீர்கள், அது கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்குத்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய வாட்ச் தேடுகிறவர்களுக்கு ஒன்று. கண்ணைப் பறிக்கிற நிறத்தில் மின்னுகிற எச்.எம்.டி. ஜனதா கிடைத்தால் டயலைத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தடித்து, நிமிடக் கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.