கன்சோலுக்கு முன்னால் ஒரு கணவாய்

பாம்பனில் என் அப்பா கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத்தான் பின்னுவார். நூல் எவ்வளவு இறுகியது என்பதை விரல் சொல்லிவிடும். அவர் கண் கடலில் இருக்கும். ரோபோ அறுவையில் இந்தச் சொகுசு கிடையாது. இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான ரோபோக்களில் இழுவிசை கைக்குத் தெரியாது. பல ஆண்டுகள் லேப்பராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே நீண்ட கருவிகளை நுழைத்துச் செய்யும் அறுவை) செய்திருந்த நானே முதல் நாள் பயிற்சியில் மூன்று நூல்களை அறுத்தேன்.

ஆகவே ரோபோ அறுவை கற்க மதுரைக்கோ சென்னைக்கோ பயிற்சிக்குப் போகுமுன் கண்ணைப் பழக்குங்கள். ஊசிக் கணவாய் ஒன்று வாங்கி, சுத்தம் செய்து, நீளவாக்கில் கீறி, லேப்பராஸ்கோப்பி பழகும் துளையிட்ட பயிற்சிப் பெட்டிக்குள் பலகையில் குத்தி வையுங்கள். மேலே செல்போன் கேமரா; திரையை மட்டும் பாருங்கள். 3-0 அளவுத் தையல் நூலைப் பதினைந்து சென்டிமீட்டரில் வெட்டிக்கொள்ளுங்கள். வளைந்த ஊசியை, நூல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடியுங்கள். சதைக்குள் செங்குத்தாக இறக்கி, அதன் வளைவிலேயே மணிக்கட்டைத் திருப்புங்கள். நேராகத் தள்ளினால் கணவாய் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

முடிச்சு இறுகும்போது விளிம்புகளைக் கவனியுங்கள். இரண்டும் தொட்டதும் நிறுத்த வேண்டும். சதை குழிந்தால் அளவு மீறிவிட்டது. “தைத்து மறுபடியும் கடலில் விடப் போகிறாயா?” என்று அம்மா கேட்பார். தினமும் பத்துத் தையல் போட்டேன்.

பெட்டியில் கை வலப்பக்கம் போனால் கருவியின் முனை இடப்பக்கம் போகும். ரோபோவை உட்கார்ந்து இயக்கும் கன்சோலில் அப்படியில்லை, இந்தப் பழக்கத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே கைகள் அகன்று போய்விட்டால் கிளட்ச் மிதியை அழுத்திக் கைகளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். துடுப்பைத் தூக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது போலத்தான். கருவி உள்ளே அசையாமல் நிற்கும். திரையில் தெரியாத கருவியை ஒருபோதும் நகர்த்தாதீர்கள். சிமுலேட்டரில் (கணினியில் பழகும் போலி அறுவையில்) நேரத்தைவிடக் கருவிகள் மோதிய எண்ணிக்கையை முதலில் பாருங்கள். என்னிடம் வருபவர்கள் ஒரே பயிற்சியில் தொடர்ந்து இரண்டு முறை இலக்கை எட்டினால்தான் அடுத்ததைத் தொடலாம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று நான் கேட்பதில்லை.

கன்சோலில் உட்காரும் முன் சில நாள் நோயாளியின் பக்கத்தில் உதவியாளராக நில்லுங்கள். திடீரென ரத்தம் பீறிட்டால் கருவிகளை உருவி, ரோபோவின் கைகளைக் கழற்றி விலக்கி, வயிற்றைத் திறக்க வேண்டும். அதைச் செவிலியர்களோடு சேர்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஆளில்லாத மேசையில் செய்து பாருங்கள்.