நகராட்சியில் மனு கொடுப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

தெருவிளக்கு எரியவில்லை. கால்வாய் மூடி உடைந்து கிடக்கிறது. குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வருகிறது. இப்படி ஏதாவது வந்தால் பெரும்பாலும் கவுன்சிலரைப் பார்த்தபோது சொல்வோம், தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடுவோம். அதோடு நின்றுவிடும். வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு அலுவலகத்தில் எந்தத் தடயமும் இருக்காது. பதிவேட்டில் எண் ஏறிய தாள்தான் கோப்பாக மாறும். அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு கேட்பவருக்குத்தான் வேலை நடக்கும். அதை எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டு நகராட்சிகளை மனத்தில் வைத்து எழுதியது. பேரூராட்சிக்கும் சிறிய மாநகராட்சிக்கும் பெரும்பகுதி பொருந்தும், பதவிப் பெயர்கள்தான் கொஞ்சம் மாறும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கால்வாய் மேல் போட்ட சிமெண்ட் பலகை உடைந்து குழியாகக் கிடக்கிறது.

படி 1: இது நகராட்சியின் வேலைதானா?

மனு வீணாவது முதலில் இங்கேதான். ஊருக்குள் ஓடுகிற எல்லாச் சாலையும் நகராட்சியுடையது அல்ல. கடைவீதி வழியாகப் போகிற பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கலாம். அப்படியானால் அதன் ஓரத்துக் கால்வாயும் அவர்கள் கட்டியதாக இருக்க வாய்ப்புண்டு. மைல்கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. உள்தெருக்கள் பெரும்பாலும் நகராட்சியுடையவை.

தெருவிளக்கிலும் இதே குழப்பம் உண்டு. பல இடங்களில் கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை, விளக்கு மட்டும் நகராட்சியுடையது. பல்பு எரியவில்லை என்றால் நகராட்சி. கம்பம் சாய்ந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு உடனே பேசுங்கள், அதற்கெல்லாம் மனு எழுதி நேரம் கடத்தக் கூடாது. பட்டா, ரேஷன் அட்டை சம்பந்தப்பட்டவை வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டியவை. குப்பை, கால்வாய், உள்தெருச் சாலை, தெருநாய், கொசு மருந்து, பூங்கா, பொதுக்கழிப்பிடம், பிறப்பு இறப்புச் சான்று, சொத்து வரி எல்லாம் நகராட்சி.

சந்தேகமாக இருந்தால் நகராட்சிப் பொறியியல் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். “சார், இந்தக் கால்வாய் உங்களுதா, ஹைவேஸுதா?” என்று கேட்டால் அங்கே உள்ளவர்களுக்கு உடனே தெரியும்.

படி 2: இடத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

“எங்கள் தெருவில் கால்வாய் மோசம்” என்று எழுதினால் பார்வையிட வருகிறவர் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். வார்டு எண், தெருவின் முழுப்பெயர், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, அருகில் உள்ள மின்கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண், இவை நான்கும் வேண்டும். உடைந்த பலகையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். மதிப்பீடு போடுகிறவருக்கு அதுதான் முதல் தேவை. நீங்களே அளவு கொடுத்தால் கோப்பில் ஒரு வேலை குறைகிறது.

படம் இரண்டு போதும். ஒன்று பழுதை அருகில் காட்ட வேண்டும். இன்னொன்று பின்னால் பள்ளிக்கூட வாசலோ கடையோ தெரிகிற மாதிரி, இடம் அடையாளம் காட்டுவதாக இருக்க வேண்டும். கலர் ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கம் தேதி எழுதி, மனுவோடு பின் அடித்துவிடுங்கள்.

படி 3: மனுவை எழுதுதல்

ஒரு மனுவில் ஒரே ஒரு விஷயம். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். கால்வாய், விளக்கு, நாய்த் தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், கால்வாய் பொறியியல் பிரிவுக்கும் நாய்த் தொல்லை சுகாதாரப் பிரிவுக்கும் போக வேண்டும். தாள் ஒன்றுதான். முதலில் கிடைத்த பிரிவிலேயே அது தங்கிவிடும். மூன்று குறை இருந்தால் மூன்று மனு.

கையால் எழுதினாலே போதும். தெளிவாக, ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். மாதிரி:

> அனுப்புநர்: (பெயர், கதவு எண், தெரு, வார்டு, கைபேசி எண்)
>
> பெறுநர்: ஆணையர் அவர்கள், ……… நகராட்சி.
>
> ஐயா / அம்மா,
>
> பொருள்: 12ஆவது வார்டு, கிழக்கு மாடத் தெரு, பள்ளி எதிரில் உடைந்துள்ள கால்வாய் மூடியை மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.
>
> மேற்படி தெருவில் கதவு எண் 40-க்கு எதிரே, மின்கம்பம் எண் 7-க்கு அருகில், கால்வாய் மேல் உள்ள சிமெண்ட் பலகை உடைந்து சுமார் 4 அடி நீளம், 2 அடி அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் காலையும் மாலையும் இதைத் தாண்டித்தான் செல்கிறார்கள். இரவில் குழி தெரிவதில்லை. எனவே பலகையை மாற்றித் தரவும், அதுவரை தற்காலிகத் தடுப்பு வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: படங்கள் 2.
>
> நகல்: நகர்மன்ற உறுப்பினர், 12ஆவது வார்டு.
>
> இடம், நாள், கையொப்பம்.

“பொருள்” வரியில்தான் அக்கறை காட்ட வேண்டும். தபால் பிரிவில் முழு மனுவையும் படித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவுக்கு என்று குறிப்பார்கள். “அடிப்படை வசதி வேண்டி” என்று பொதுவாக எழுதினால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், “பல ஆண்டுகளாக எவருமே கண்டுகொள்ளவில்லை” என்பது போன்ற வசனங்களை விட்டுவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் படிக்கிற எழுத்தருக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. அளவும் இடமும்தான் அவருக்கு உதவும்.

தெருக்காரர்கள் கையெழுத்து சேர்ந்தால் நல்லது. தனித்தாளில் பெயர், கதவு எண், கையொப்பம் வாங்கி இணைத்துவிடலாம்.

படி 4: கொடுக்கும்போது கையில் ஏதாவது வாங்காமல் வராதீர்கள்

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, உங்கள் பிரதியில் சீலும் தேதியும் பதிவு எண்ணும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் “வெச்சிட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்” என்பார்கள். நயமாக நின்று, “ஒரு சீல் மட்டும் போட்டுக் கொடுங்க மேடம், தெருவுல காட்டணும்” என்றால் யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் சண்டை போட வேண்டாம். வெளியே வந்து அதே மனுவை ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் கேட்டு அனுப்பிவிடுங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது.

கொடுத்த மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் அரசாணை எண் 99 சொல்கிறது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்டது. இதை மனுவிலேயே எழுத வேண்டிய அவசியமில்லை. நினைவூட்டல் கடிதத்தில் எழுதினால் அதற்கு எடை கூடும்.

சொத்து வரி பாக்கி வைத்திருந்தால் அதையும் கட்டிவிட்டு வாருங்கள். பாக்கி இருப்பதால் உங்கள் தெருக் கால்வாயைச் சரிசெய்யாமல் விட முடியாது, ஆனாலும் பேச்சு அந்தப் பக்கம் திரும்புவதற்கு இடம் கொடுப்பானேன்? அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள், அடுத்த அரையாண்டுக்கு அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு.

படி 5: உள்ளே போன தாள் எங்கே போகிறது?

பெரும்பாலோருக்குத் தெரியாத பகுதி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தபால் பிரிவில் எண் விழுந்ததும் மனு ஆணையரின் பார்வைக்குப் போகும். அவர் ஓரத்தில் “பொறியாளர்” என்றோ “சு.ஆ.” (சுகாதார ஆய்வாளர்) என்றோ குறித்து அனுப்புவார். பொறியியல் பிரிவில் ஓர் எழுத்தர் அதற்குக் கோப்பு தொடங்கி ந.க.எண், அதாவது அந்தக் கோப்புக்கான எண், போடுவார். இந்த எண்ணைத்தான் நீங்கள் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். தபால் எண் வாசலோடு சரி. உள்ளே எல்லோரும் ந.க.எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள். மனு கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போய், “இந்த மனு எந்த செக்‌ஷனுக்குப் போச்சு, ந.க. எண் என்ன?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்து, உதவிப் பொறியாளரோ பணி ஆய்வாளரோ இடத்தைப் பார்க்க வருவார். அன்று அங்கே இருக்க முடிந்தால் இருங்கள். பிறகு எஸ்டிமேட் தயாராகும். ஒரே ஒரு பலகை என்றால் பராமரிப்புச் செலவில் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். கால்வாயையே புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் அது நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஏறி, தீர்மானமாகி, டெண்டர் விட்டு, பணி ஆணை கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். அவசர வேலையென்றால் முதலில் செய்துவிட்டுப் பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைப்பதும் நடைமுறையில் உண்டு. மழைக்காலத்துக்கு முன்பு உங்கள் வேலை அவசரமானது என்று காட்ட முடிந்தால் இந்த வழி திறக்கும்.

ஆக, விசாரிக்கப் போகும்போது “என் மனு என்ன ஆச்சு?” என்று கேட்காதீர்கள். “பரிசீலனையில் இருக்கு” என்ற பதில்தான் வரும். “இடம் பார்த்தாச்சா? எஸ்டிமேட் போட்டாச்சா? எந்த மாதக் கூட்டத்துக்கு வருது?” என்று கேளுங்கள். இவற்றுக்கு ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

படி 6: கவுன்சிலரும் பகுதி சபையும்

மனுவில் கவுன்சிலருக்கு நகல் என்று போட்டீர்கள் அல்லவா, அந்த நகலைக் கையிலெடுத்துக்கொண்டு அவரைப் பாருங்கள். அவர் எந்தக் கட்சி, நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதெல்லாம் இங்கே பொருட்டில்லை. ந.க.எண்ணோடு போகிறவரை அவருக்கும் பிடிக்கும், மன்றத்தில் எழுந்து பேச அவருக்கு ஒரு துருப்பு கிடைக்கிறது. நமது நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2011-க்குப் பிறகு 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல் நடந்தது. மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிந்து அடுத்த மன்றம் வராமல் இடைவெளி விழுந்தது, அந்த நாட்களில் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். தெருவுக்காகக் கேட்க மன்றத்தில் ஒருவர்கூட இல்லாத காலம் அது. கவுன்சிலர் இருக்கும்போது அவரைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கிராமசபை போல நகர்ப்புறத்தில் பகுதி சபை என்று ஒன்று வந்திருப்பது பலருக்குத் தெரியாது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று இது முதன்முதலாக நடந்தது. அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்களைக் கூட்டி நடத்துவது. உங்கள் வார்டில் அடுத்தது எப்போது என்று கவுன்சிலரிடமே கேளுங்கள். கூட்டத்தில் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 7: ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால்

முதலில் ஒரு நினைவூட்டல் கடிதம். “பார்வை” என்று போட்டு முந்தைய மனுவின் தேதி, ந.க.எண் எழுதுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதியலாம், அல்லது திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். இரண்டுமே கடைசியில் அதே நகராட்சிக்குத்தான் திரும்பி வரும். ஆனால் பதில் சொல்லியாக வேண்டிய தாளாக வரும்.

எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ள வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் “பொதுத் தகவல் அலுவலர்” என்று முகவரியிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் சரிசெய்யவில்லை?” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிட இடமுண்டு. நகல் கேளுங்கள்:

> 1. (நாள்) அன்று நான் அளித்த மனு, ந.க.எண் ……… மீதான கோப்புக் குறிப்புகளின் நகல்.
> 2. மேற்படி இடத்துக்குத் தயாரித்த மதிப்பீட்டின் நகல்.
> 3. இது தொடர்பான நகர்மன்றத் தீர்மானம் இருப்பின் அதன் நகல்.

பல நேரங்களில் இந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகுதான் யாராவது கோப்பைத் திறக்கிறார்கள். திறந்து பார்த்தால் காலியாக இருக்கிறது. காலியான கோப்பின் நகலைத் தர யாருக்கும் மனம் வராது, உடனே ஒருவர் இடம் பார்க்க வந்துவிடுவார். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

படி 8: “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்று பதில் வந்தால்

இந்த வரியைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். வேலை தேவைதான் என்று அவர்கள் ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வரவுசெலவுத் திட்டத்தை அதற்கு முன்பே தயாரித்துவிடுவார்கள். ஆகவே டிசம்பர், ஜனவரியில் இன்னொரு மனு கொடுங்கள். “வரும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இப்பணியைச் சேர்க்கக் கோருதல்” என்று பொருள் போட்டு, அவர்கள் அனுப்பிய அந்தப் பதிலின் நகலை இணைத்துவிடுங்கள். கவுன்சிலருக்கும் ஒன்று.

எதற்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை சிறிய நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்றே ஒதுக்கப்பட்டது. உங்கள் வேலை கழிவுநீர் சம்பந்தப்பட்டதாக இருந்தால், மனுவில் “சாலை மேம்பாடு” என்று எழுதாமல் “கழிவுநீர் வெளியேற்றம்” என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான். எந்த நிதியிலிருந்து எடுக்கலாம் என்று பொறியாளர் தேடும்போது அந்தச் சொல் கை கொடுக்கும்.